ஆட்சேபணை இல்லாத முகம்

தொண்டு செய்கிறவர்களைத் தேடிப் பிடித்துத் தபால்தலையில் ஏற்றுவதற்கென்று ஒரு குழு இருக்கிறது. இந்தச் செய்தி தொண்டு செய்கிறவர்கள் யாருக்கும் தெரியாது. கிருஷ்ணகிரியில் ஒரு மாடிக் கட்டடத்தில் நான்கு ஆண்டுகளாக அது இயங்கிவருகிறது. ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒன்பது உறுப்பினர்கள், ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம். முதல் மூன்று ஆண்டுகளும் குழுவின் சின்னத்தில் இருக்க வேண்டியது கூப்பிய கையா, ஏந்திய கையா என்று முடிவு செய்வதிலேயே போய்விட்டன. கடைசியில் ஒரு கை கூப்பியும் ஒரு கை ஏந்தியும் இருக்கட்டும் என்று தீர்மானித்தார்கள். ஒரு கையை மட்டும் எப்படிக் கூப்புவது என்று ஓவியர் கேட்டதைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

நான்காம் ஆண்டில் ஐந்து தபால்தலைகள் வெளியிடுவதாக முடிவாயிற்று. ஓசூருக்கு இரண்டு, தொழிற்பேட்டைக்கு ஒன்று, நாகரசம்பட்டி மாந்தோப்புப் பக்கம் ஒன்று, காட்டோரத்துக்கு ஒன்று. முதல் நான்குக்கும் ஆள் உடனே கிடைத்துவிட்டது. நான்கு பேரும் குழு உறுப்பினர்களின் சொந்தக்காரர்கள் என்பதால் அவர்களுடைய தொண்டு குறைந்துவிடாது. காட்டோரத்தில் மட்டும் யாருக்கும் சொந்தக்காரர் இல்லை. அதனால்தான் திம்மராயன் அகப்பட்டார்.

திம்மராயனுக்கு ஐம்பத்தாறு வயது. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், காட்டை ஒட்டினாற்போல முத்தன்கொட்டாய் என்று முப்பத்தெட்டு வீட்டு ஊர். பகலில் யார் கொல்லையிலாவது ராகிக்குக் களை எடுப்பார், தக்காளிக்குக் கொம்பு நடுவார். சாயங்காலம் ஆறரை ஆனால் ஒரு டார்ச்சையும் ஒரு மூங்கில் தடியையும் எடுத்துக்கொண்டு தார்ரோட்டு நிறுத்தத்துக்குப் போய்விடுவார். ஓசூர்க் கம்பெனிகளில் வேலை செய்யும் பதினோரு பெண்களை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் அங்கே இறக்கிவிடும். அங்கிருந்து ஊருக்கு ஒன்றரை மைல். நடுவில் தைலமரத் தோப்பு, அதைத் தாண்டினால் ஒரு பள்ளம். ராகிக் கதிர் முற்றுகிற நாளில் யானைகள் அந்தப் பள்ளத்தில் இறங்கித்தான் கொல்லைக்கு வரும்.

திம்மராயன் முன்னால் போய்ப் பள்ளத்து மேட்டில் நிற்பார். மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார், காதைக் கொடுப்பார், மண்ணில் டார்ச் அடித்துத் தடம் பார்ப்பார். பிறகு திரும்பி, "வாங்க" என்பார். சில நாள், "இருங்க" என்பார். அந்த 'இருங்க' அரைமணி நேரமும் இருக்கும், இரண்டு மணி நேரமும் இருக்கும். பதினோரு பேரும் மூச்சுக் காட்டாமல் நிற்பார்கள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பெண்ணுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

இதைத் தொண்டு என்று நினைத்து அவர் தொடங்கவில்லை. ஊரிலிருந்து முதன்முதலில் கம்பெனி வேலைக்குப் போனவர்களில் அவர் மனைவி நாராயணம்மாவும் ஒருத்தி. பெண்டாட்டியைக் கூட்டிவரப் போனார். மற்றவர்களும் பின்னாலேயே நடந்தார்கள். மூன்றாம் வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டதால் நாராயணம்மா வேலையை விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் திம்மராயன் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தார். ஏழு மணி ஆனதும் இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பிள்ளைகள் நிறுத்தத்தில் நின்றுகொண்டு இவர் வருகிற திக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்களே என்று எழுந்து போய்விட்டார். அதன்பிறகு நிறுத்த முடியவில்லை.

குழுவின் செயலாளர் மணிவேல் ஒருநாள் காரில் வந்து இறங்கினார். கையில் பதினான்கு பக்க விண்ணப்பம்.

"ஐயா, உங்க முகத்த ஸ்டாம்புல போடப் போறோம்."

"எதுக்குங்க சார்?" என்றார் திம்மராயன். போலீஸ் நிலையத்துப் பலகையில் முகம் போடுவதைத்தான் அவர் அதுவரை பார்த்திருந்தார்.

"கௌரவம்யா, கௌரவம். இதுல ஏழாவது கேள்விக்கு மட்டும் நீங்களே பதில் சொல்லுங்க. தங்கள் தொண்டினால் நிரந்தரமாகத் தீர்ந்த பிரச்சினை என்ன?"

திம்மராயன் யோசித்தார். "தீரலைங்களே சார். நேத்துகூட ஒத்தக்கொம்பன் யான வந்து நின்னுது. பள்ளத்துல ஒரு லைட்டு போட்டுக் குடுத்தா தீந்துரும்ங்க. வெளிச்சம் இருந்தா தூரத்துலயே தெரிஞ்சுக்கலாம். அப்புறம் நான் போவவே தேவயில்லைங்க. எட்டு வருசமா கேக்கறன்."

மணிவேல் பேனாவை மூடினார். கெட்டவர் அல்ல. வந்த வேலை முடிய வேண்டுமே என்கிற கவலை மட்டும் உள்ளவர். "லைட்டா? இதுக்கா எட்டு வருசம்? வெளியீட்டு விழாவுக்குப் பெரிய சிறப்பு விருந்தினர் வர்றாரு. மேடையில நீங்க ஒரு மனு குடுங்க. விருது வாங்குறவங்க குடுக்குற மனுவுக்கு அங்கயே சாங்ஷன். மைக்கிலயே சொல்லிடுவாரு."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் திம்மராயன் தபால்தலைக்கு ஒப்புக்கொண்டார். முகத்துக்காக இல்லை.

மனுவை முனிலட்சுமி எழுதிக் கொடுத்தாள். பதினோரு பேரில் அவள்தான் வாயாடி. பிளஸ் டூ வரைக்கும் படித்தவள், காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அவள் புருஷன் கங்கப்பன் திம்மராயனுக்கு அண்ணன் மகன் முறை. வழிநெடுக அவள் பேசிக்கொண்டே வருவாள், பள்ளம் நெருங்கியதும் திம்மராயன் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், வாயை மூடிக்கொள்வாள். மனுவை முத்து முத்தாக எழுதி, கீழே பதினோரு பேர் பெயரையும் போட்டுக் கையெழுத்து வாங்கினாள்.

"லைட்டு வந்துட்டா நீங்க வரமாட்டீங்களா மாமா?"

"எதுக்கு வரணும்? ஊட்ல கால நீட்டிக்கினு டிவி பாப்பன்."

"அதெல்லாம் உங்களால ஆவாது மாமா. வந்து நிப்பீங்க பாருங்க" என்றாள் அவள்.

ஓவியர் முதலில் வரைந்த படம் நன்றாகத்தான் இருந்தது. டார்ச்சை உயர்த்திப் பிடித்த திம்மராயன், கையில் தடி, பின்னால் பெண்கள் வரிசை, முன்னால் பள்ளம், தூரத்தில் யானையின் நிழல். மணிவேல் கைப்பேசியில் அனுப்பினார். நிறுத்தத்தில் பதினோரு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

ஆனால் குழுவுக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் செய்த தொண்டு எந்தெந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அந்தந்த அலுவலகத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கியாக வேண்டும். அதாவது, ஓர் ஆள் யார் செய்யாத வேலையைச் செய்தாரோ அவர்களிடமே போய், இவர் செய்தார் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். விதியை எழுதியவர் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதல் கடிதம் மின்சார அலுவலகத்திலிருந்து வந்தது. 'படத்தில் உள்ள டார்ச், அப்பகுதியில் வெளிச்சம் இல்லை என்ற தவறான தோற்றத்தை உண்டாக்குகிறது. எமது பதிவேட்டின்படி முத்தன்கொட்டாய் முழுவதும் ஒளியூட்டப்பட்ட கிராமமாகும்.' டார்ச்சை எடுத்தார்கள். உயர்த்திய கை சும்மா நிற்பது பார்க்க நன்றாக இல்லை என்று ஓவியர் அதில் ஒரு மாம்பழத்தை வைத்தார்.

சாலை அலுவலகம் பள்ளத்தை ஆட்சேபித்தது. 'மேற்படி இடத்தில் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சிறுபாலம் கட்டி முடிக்கப்பட்டுத் திறப்பு விழாவும் நடந்துள்ளது.' பள்ளத்தை மூடினார்கள், படத்தில்தான். தொழிலாளர் நலன் பார்க்கிற அலுவலகம், பெண் தொழிலாளர்களை நிறுவனங்கள் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட வேண்டும் என்று ஆணை இருப்பதால் அவர்கள் இறக்கிவிடப்படுகிறார்கள் என்றும், ஆகவே படத்தில் நடப்பவர்கள் பெண் தொழிலாளர்கள் அல்லர் என்றும் எழுதியது. பதினோரு பேரும் போனார்கள். தடி, பிராணிகளை வதைப்பதற்கான கருவி என்று இன்னோர் அலுவலகம் எழுதியது. அதுவும் போயிற்று. தோட்டப்பயிர் அலுவலகத்துக்கு யாரும் கடிதமே எழுதவில்லை. அவர்கள் தாங்களாகவே கேள்விப்பட்டு, மாம்பழம் எந்த ரகம் என்று குறிப்பிடப்படவில்லை என எழுதியிருந்தார்கள். மாம்பழமும் போயிற்று.

காட்டு அலுவலகத்தின் கடிதம்தான் நீளமானது. 'யானைகளின் வழித்தடம் முத்தன்கொட்டாயிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி வகுக்கப்பட்டுள்ளது. யானைகள் அதனை அனுசரித்தே சென்றுவருகின்றன.' யானையின் நிழலையும் அழித்தார்கள்.

இந்தக் கடிதங்களை வைத்து முடிவெடுக்கக் கிருஷ்ணகிரியில் கூட்டம். திம்மராயனையும் வரச் சொன்னார்கள். தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு ஒரு பஸ், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ். அன்றைய கூலி போயிற்று. ஒரு மணிக்கு என்று சொன்ன கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. அவர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றரைக்காவது பஸ் ஏறினால்தான் ஏழு மணிக்கு நிறுத்தத்தில் நிற்க முடியும்.

தலைவர் பொன்னுசாமி ஓய்வுபெற்ற உயரதிகாரி. எந்தத் துறையில் ஓய்வுபெற்றார் என்று யாரும் கேட்பதில்லை. ஓய்வு பெற்றதே அவருடைய தகுதி. படத்தைத் தூர வைத்தும் பக்கத்தில் வைத்தும் பார்த்தார். அதில் இப்போது வெற்றுக் கையை உயர்த்தியபடி திம்மராயன் மட்டும் நின்றிருந்தார், ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி.

"அருமை," என்றார் பொன்னுசாமி. "இப்பதான் மனுசன் தெரியறாரு."

திம்மராயன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். "சார், யானயும் இல்ல, பள்ளமும் இல்ல, பொண்ணுங்களும் இல்லன்னா, நான் என்னா பண்ணன்னு எனக்கு ஸ்டாம்புங்க?"

தலைவருக்குக் கோபம் வரவில்லை. பேசுவதற்கு ஒரு வாய்ப்புக் கிடைத்த மகிழ்ச்சிதான் வந்தது. "நல்ல கேள்வி. எல்லாரும் கேட்டுக்குங்க. முப்பத்தாறு வருச சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டது இது. ஒரு குறைய எடுத்துக் காட்டுனா அதுக்குப் பேரு புகார். புகாருக்கு ஸ்டாம்பு போட முடியாது, ஃபைல்தான் போட முடியும். குறையே இல்லாத எடத்துல ஒருத்தர் வேலை செய்யறாரு பாருங்க, அதுக்குப் பேருதான் தொண்டு! என் சர்வீஸ்ல நான் ஒரு குறையைக்கூடப் பதிவு பண்ணினதில்ல. என் காலத்துல இந்த மாவட்டத்துல வெள்ளம் வந்திச்சு, காலரா வந்திச்சு. என் ரெஜிஸ்டர்ல ஒண்ணுமே வரல. அப்படி ஒரு நிர்வாகம்!"

ஒன்பது உறுப்பினர்களும் மேசையைத் தட்டினார்கள். தட்டி முடிக்கும்போது மூன்றே முக்கால். திம்மராயன் கும்பிட்டுவிட்டுப் படியில் இறங்கி ஓடினார். அன்றைக்கு நிறுத்தத்துக்குப் போய்ச் சேர எட்டாகிவிட்டது. பதினோரு பேரும் டீக்கடை வெளிச்சத்தில் ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர், "நீ வராம நான் எப்பிடிக் கடய சாத்தறது?" என்று கடிந்துகொண்டார்.

ஒரு வாரம் கழித்து மணிவேல் மறுபடி வந்தார். கையில் ஒரே ஒரு தாள்.

"காட்டு ஆபீஸ்ல ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. உங்க கையெழுத்துல ஒரு உறுதிமொழி கேக்கறாங்க. இது வந்துட்டா அச்சுக்குப் போயிடும்."

திம்மராயன் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'முத்தன்கொட்டாய் வழியில் யானை நடமாட்டம் ஏதுமில்லை என்றும், கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாக நான் மாலை வேளைகளில் என் உடல்நலம் கருதி மட்டுமே நடந்துவருகிறேன் என்றும், இதனை என் முழு மனதோடு...'

"இது பொய்யிங்களே சார்."

"பொய்யில்லங்கய்யா, டிராஃப்ட். எல்லாரும் இப்படித்தான் குடுப்பாங்க. ஃபைல்ல கெடக்கும், யாரு படிக்கப் போறா?"

நாராயணம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "எங்க, இன்னொரு தரம் படி" என்றாள். படித்துக் காட்டினார். "யானயே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு, யானைக்கு லைட்டு வேணும்னு போய் நிப்பியா? இல்லாததுக்கு எதுக்குடா லைட்டுன்னு கேட்டா என்னா சொல்லுவ?"

இவ்வளவு தெளிவாக அந்தக் குழுவில் யாரும் பேசியதில்லை. மணிவேல் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "கையெழுத்து இல்லன்னா விழா இல்ல. விழா இல்லன்னா மனு இல்ல. அப்புறம் உங்க இஷ்டம்" என்றார்.

திம்மராயன் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எட்டு வருஷத்தில் இருபது மனு கொடுத்திருக்கிறார். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. இப்போதுதான் முதன்முறையாக ஒரு பெரிய மனிதர் கையில் நேராகக் கொடுக்க ஒரு வழி பிறந்திருக்கிறது. "ஒரு கையெழுத்துல என்னா ஆயிரப் போவுது, லைட்டு வந்தா போதும்" என்று சொல்லிக்கொண்டே போட்டார். நாராயணம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

விழா ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை, மாலை நான்கு மணிக்கு. காட்டோரத் தொண்டருக்குக் கைதட்டக் காட்டோர மக்கள் வேண்டும் என்று குழு ஒரு பஸ் அனுப்பியது. நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள், கங்கப்பன் உட்பட. டீக்கடைக்காரரும் கடையைச் சாத்திவிட்டு ஏறினார். பதினோரு பெண்களில் பத்துப் பேர் சம்பளம் போனாலும் போகட்டும் என்று வேலைக்கு மட்டம் போட்டார்கள். முனிலட்சுமிக்கு மட்டும் முடியவில்லை. மாசக்கடைசி, லோடு போக வேண்டும், வராவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

முந்தைய நாள் திம்மராயன் அவளிடம் படித்துப் படித்துச் சொன்னார். "பஸ் எறங்கி டீக்கடையிலயே நில்லு. நான் அஞ்சு மணிக்கு வாங்கிக்கினு நேரா வந்துருவன். நான் வராம பள்ளத்துல எறங்காத."

"சரி மாமா. லைட்டு சாங்ஷன் ஆனதும் ஒரு போன் போடுங்க" என்றாள். டீக்கடை சாத்தியிருக்கும் என்பது அப்போது இருவருக்குமே தோன்றவில்லை.

மண்டப வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் உள்ளே போகிற எல்லாருடைய கைப்பேசிகளையும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். விழாவில் மணி அடித்தால் சிறப்பு விருந்தினருக்குப் பிடிக்காதாம். பிறகு விருதாளர்கள் ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி கோட்டு மாட்டிவிட்டார்கள். திம்மராயனுக்கு அது பெரிது, கைகள் உள்ளேயே நின்றுவிட்டன. சட்டைப் பையிலிருந்த மனுவை எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

சிறப்பு விருந்தினர் ஐந்து மணிக்கு வரவில்லை. ஜூஜூவாடி நெரிசலில் மாட்டிக்கொண்டிருப்பதாக மைக்கில் அறிவித்தார்கள். அதுவரை குழு உறுப்பினர்கள் ஒன்பது பேரும் பேசினார்கள். ஐந்தே முக்காலுக்குத் திம்மராயன் எழுந்து மணிவேலிடம் போனார்.

"சார், நான் போவணும். ஒரு பொண்ணு தனியா எறங்கும்."

"என்னங்கய்யா நீங்க! விருந்தினர் வர்ற நேரத்துல நாற்காலி காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? பத்து நிமிசம்."

"அப்ப போனயாவது குடுங்க சார், ஒரு வார்த்த சொல்லிடறன்."

"சாவி வேற ஆள்கிட்ட இருக்குது. உக்காருங்க, உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்காங்க."

அவர் உட்கார்ந்தார். லைட்டை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறரைக்கு மறுபடி எழுந்தபோது விழா ஏற்பாட்டு ஆட்கள் இரண்டு பேர் தோளில் கை வைத்து அன்பாக அழுத்தி உட்காரவைத்தார்கள்.

ஏழு பத்துக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். திரை விலகியது. ஆளுயரத் தபால்தலை. கழுத்துவரை கோட்டு, அதன் மேல் திம்மராயனின் முகம், கொஞ்சம் வெளுப்பாக. கீழே, 'திம்மராயன், நடைப்பயிற்சி ஆர்வலர்.' முத்தன்கொட்டாய் ஜனங்கள் கைதட்டத் தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

விருந்தினர் பேசினார். "இந்தக் காலத்துல எல்லாரும் வண்டியில போறாங்க. இந்தப் பெரியவர் நடக்கறாரு! நாமளும் நடக்கணும். நான்கூட டாக்டர் சொன்னதுலேர்ந்து வீட்டுக்குள்ள நடக்கறேன். அரசாங்கம் எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டா மக்களுக்கு வேற என்ன வேலை இருக்கு? நடக்க வேண்டியதுதானே!"

திம்மராயன் இரண்டு கையாலும் மனுவை நீட்டினார். "லைட்டுங்க" என்று மட்டும் சொன்னார். விருந்தினர் சிரித்துக்கொண்டே தாளை வாங்கினார், பேனாவை எடுத்தார், முனிலட்சுமியின் முத்து முத்தான எழுத்துக்குக் குறுக்கே 'வாழ்த்துகளுடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு எல்லாரும் அவரிடம் ஆட்டோகிராஃப்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புகைப்படக்காரர், "ஐயா, சிரிங்க" என்றார்.

கைப்பேசி கையில் வந்தபோது மணி எட்டு. முனிலட்சுமியிடமிருந்து ஒன்பது அழைப்புகள். கடைசி அழைப்பு ஏழு இருபத்தெட்டு. திருப்பி அழைத்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ ஒருவருடைய பைக்கில் ஏறிப் போனார், கோட்டோடு.

டீக்கடை இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் ஒரு பெண் தனியாக எவ்வளவு நேரம் நிற்பாள்? அரைமணி நின்றிருக்கிறாள். அப்புறம் நடந்திருக்கிறாள். பள்ளத்தில், ராகிக் கொல்லைக்கு ஏறும் பக்கத்தில், அவளுடைய சாப்பாட்டுப் பை கிடந்தது. பத்தடி தள்ளி அவள் கிடந்தாள். சுற்றிலும் ஈரமண்ணில் தட்டகலத் தடங்கள். திம்மராயன் கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தினார். பிறகு மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். தடங்களைப் பார்த்தார்கள். அளந்துகூடப் பார்த்தார்கள். பிறகு, கால் இடறிப் பாலத்திலிருந்து விழுந்து மரணம் என்று எழுதினார்கள். இல்லாத பாலம் ஒன்றுக்காவது பயன்பட்டது. கங்கப்பன் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினான். அவன் கேட்டது ஒன்றுதான். என் பெண்டாட்டியை யானை கொன்றது என்று எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் அந்த வழியில் யானை இருப்பதாகும். யானை இருப்பதானால்தான் லைட்டு வரும், வேலி வரும், மீதிப் பத்துப் பேராவது வீடு வந்து சேருவார்கள். ஒவ்வோர் இடத்திலும் அவனிடம் ஒரே தாளின் நகலைக் காட்டினார்கள்.

திம்மராயன் தானே போனார். காட்டு அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகவே கேட்டார்.

"யார் நீங்க?"

"நாந்தாங்க திம்மராயன். அந்தத் தாளுல கையெழுத்து போட்டவன். அது பொய்யிங்க. யான இருக்குதுங்க. பன்னெண்டு வருசமா பாக்கறன்."

அதிகாரி மேசையிலிருந்து ஒரு தபால்தலையை எடுத்தார். அதையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். தபால்தலையில் கோட்டு இருந்தது. எதிரில் இருந்தவர் தோளில் அழுக்குத் துண்டு. "இவர் மாவட்டமே மதிக்கிற மனுசர். நீங்க வந்து அவர் பொய் சொன்னாருன்னு சொல்றீங்க. எதுவானாலும் எழுத்துல குடுங்க, பரிசீலிக்கிறோம்" என்றார்.

கங்கப்பனின் மனுவோடு சேர்த்து எழுத்தில் கொடுத்தார். இந்த முறை எழுதித்தர முனிலட்சுமி இல்லை, தானே கோணல்மாணலாக எழுதினார். இருபத்திரண்டு நாள் கழித்துக் கங்கப்பன் பெயருக்குப் பதில் வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு அவன் திம்மராயன் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றபடியே படித்தான்.

"'திம்மராயன் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் நபரின் கூற்று, தபால்தலை வெளியிட்டுச் சிறப்பிக்கப்பட்ட மக்கள் தொண்டர் திம்மராயன் அவர்களின் உறுதிமொழிக்கு முரணாக உள்ளது. அன்னாரது கூற்றே இறுதியானது. மனு நிராகரிக்கப்படுகிறது.'"

நாராயணம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. திம்மராயன் எழுந்து நின்றார். "கங்கப்பா, லைட்டுக்காகத்தான்டா போட்டன்" என்றார்.

"தெரியும் சித்தப்பா." அவன் குரலை உயர்த்தவில்லை. "அதுகூடத் தெரியும். லைட்டு வந்துதா?"

மணி ஆறரை ஆகிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் திம்மராயனின் கை தானாகச் சுவரோரம் போய் டார்ச்சையும் தடியையும் எடுத்தது. கங்கப்பன் அவர் கையைப் பிடித்தான். முரட்டுத்தனமாக அல்ல, வயதானவரிடம் பாரத்தை வாங்குகிற மாதிரி, இரண்டையும் வாங்கிக்கொண்டான்.

"நீ இரு சித்தப்பா. அந்தப் பத்துப் பேரும் சொல்லிட்டாங்க. இனிமே நான் போய்க் கூட்டியாறன்."

"உனக்குத் தடம் பாக்கத் தெரியாதுடா."

"பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்கறன். நான் எங்கயும் கையெழுத்து போடல" என்று சொல்லிவிட்டு அவன் தைலமரத் தோப்புப் பக்கம் நடந்தான். திம்மராயன் வாசலிலேயே நின்றார். ஏழு மணிக்குத் தார்ரோட்டில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. அவர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.